காம்பை விடாத வெள்ளரி

ஆறுச்சாமியின் வாயிலிருந்து "சரி" என்ற ஒரு வார்த்தையை வாங்குவதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்தே தீர வேண்டும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னதிலிருந்து, "நெஞ்சைப் பொளந்து பாக்கறதுக்கு நான் என்ன பலாப்பழமா?" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் மயிலாத்தாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துப் பட்டினி கிடந்த பிறகுதான் மனிதர் போன வாரம் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று முடிவானது.

அந்த வீட்டில் இன்னோர் அடைப்பும் உண்டு. அதற்கு எந்த டாக்டரும் கிடையாது. சின்ன மகன் பிரதீப், அண்ணனின் தையல் யூனிட்டில் டெய்லராக இருந்த, கிறிஸ்தவரான சகாயராஜின் மகள் அனுசுயாவைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து, அவன் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்பது ஆறுச்சாமியின் உத்தரவு. சமாதானம் பேச வந்த சகாயராஜை "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டோடு திருப்பி அனுப்பியவர் அவர். வாசலுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் விடுவதைவிடப் பெரிய அவமானம் அந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை.

பெரிய மகன் பிரபாகர் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டான். ஆபரேஷனுக்கு ரத்தம் தர ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். யூனிட்டுக்கு லீவு நாள் என்பதால் டெய்லர்கள், அயர்ன்காரர் என்று கிடைத்தவர்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். வீரபாண்டியில் இருக்கிற அவர்கள் வீட்டில் மிஞ்சியது மாமனார், மாமியார், மருமகள் தமிழ்மதி.

மதி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர். வேலையிலும் சரி, வீட்டிலும் சரி, எதையும் முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். மாமா நல்லபடியாகத் திரும்பி வர வேண்டுமே என்று ஒரு மிருத்யுஞ்ஜய ஹோமத்துக்குக் குருக்களிடம் சொல்லி வைத்திருந்தாள். கம்பெனியில் கூட இருக்கிற ஒருத்தி, "ஆபரேஷனுக்கு முந்தி பண்ணுனா நெம்ப நல்லதுக்கா" என்றாள். அவ்வளவுதான். சாம்பிள் பனியனில் ஒரு தையல் விலகியிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்கிறவள், மந்திரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இன்னொரு தப்பும் செய்தாள். மாமாவிடம் முன்னாலேயே சொன்னால் வேண்டாம் என்று முரண்டு பிடிப்பார், குருக்கள் வந்து உட்கார்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

காலையில் பூஜை அறையைத் துடைத்துக் கோலம் போட்டுவிட்டு, வாங்கி வைத்திருந்த சி.டி.யைப் போட்டாள். 'ஓம் த்ரயம்பகம் யஜாமஹே சுகந்திம் புஷ்டிவர்தனம்' என்று கனத்த குரலொன்று வீடு முழுக்க நிறைந்தது.

குளித்துவிட்டு வந்த ஆறுச்சாமி, தோளில் துண்டோடு ஹாலில் அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன பாட்டு கண்ணு?"

"சாமி பாட்டுங்க மாமா. மிருத்யுஞ்ஜய மந்திரம்."

"ஆமா... எனக்குத் தெரியும்" என்றார்.

ஸ்பீக்கரைப் பார்த்தார். சுவரோரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மயிலாத்தாளைப் பார்த்தார். அவள் டி.வி.யில் யாராவது அழுதால் கூடவே அழுகிற ஆள். அன்றைக்கு அழுததற்கும் தனியாகக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய முகம் சட்டென்று இருண்டு போனதை மதி கவனித்தாள். கவனித்தும், நெய் உருக்க அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்தர்றேன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

டீ குடிக்கப் போனவர் வரவில்லை. குருக்கள்தான் வந்தார். செங்கல் அடுக்கி மணல் பரப்பி ஹோம குண்டம் தயார் செய்தார். தர்ப்பை, அருகம்புல், எள், நெய் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, "ஐயா எங்கேம்மா?" என்று கேட்டார்.

மதி டீக்கடைக்கு ஓடினாள். "உங்க மாமனாருங்களா? அப்பவே பஸ் ஏறிட்டாரே" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவருடைய செல்போன் டி.வி. மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் அடைப்போடு ஒரு மனிதர், இன்றைக்குச் சேர வேண்டிய நாளில், எந்த ஊர் பஸ்ஸில் போகிறார் என்று யாருக்குத் தெரியும்?

"அய்யோ, என்ர சாமி" என்று மயிலாத்தாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த அழுகைக்குக் காரணம் இருந்தது.

மதிக்குச் சட்டென்று அந்தக் காலை முகம் ஞாபகம் வந்தது. "சாமி, இந்த மந்திரத்தைக் கேட்டதும்தான் மாமா முகம் ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. அப்படி என்னதான் இருக்குது இதுல? என்ன அர்த்தமுங்க?"

குருக்கள் நிதானமான மனிதர். "மூணு கண்ணுடைய பரமசிவனைக் கும்பிடறோம்னு ஆரம்பிக்குது. நல்ல வாசனை உள்ளவன், நம்மை ஊட்டி வளர்க்கறவன். அப்புறம் உர்வாருகமிவ பந்தனான்னு வருது பாருங்க, உர்வாருகம்னா வெள்ளரி. பழுத்த வெள்ளரி காம்பை விட்டு எப்படி நோகாம விலகுதோ, அந்த மாதிரி..."

மதியின் போன் அடித்தது. கொமரலிங்கத்தில் இவர்கள் பூமியைக் குத்தகைக்கு ஓட்டுகிற கிட்டுசாமி.

"அம்மிணி, பெரியவரு இங்க வந்திருக்காருங்க. ஆத்தோரம் வெள்ளரிக் காட்டுல உக்காந்திருக்காரு. கூப்புட்டா எந்திரிக்க மாட்டீங்கறாருங்க. ஒடம்பு முடியாத மனுசன், தனியா எப்படி உட்டீங்க?"

"அங்கயே இருங்க, எங்கயும் உடாதீங்க, வந்தர்றோம்!" மதி கார் சாவியை எடுத்தாள், அத்தையைக் கையைப் பிடித்துத் தூக்கினாள், வாசலைத் தாண்டினாள்.

"மீதியையும் கேட்டுட்டுப் போங்கம்மா!" என்று குருக்கள் கூப்பிட்டார். யார் காதில் விழுந்தது?

கொமரலிங்கம் போய்ச் சேரும்வரை மயிலாத்தாள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். மதி ஒரு சாமியையும் கூப்பிடவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தாள். மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆபரேஷன்மேல் பழி வராது, தான் போட்ட சி.டி.மேல்தான் வரும் என்று நினைக்க நினைக்க வண்டியை இன்னும் விரட்டினாள்.

அமராவதிக் கரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வெள்ளரிக் கொடிகளுக்கு நடுவே வரப்பில், புது வேட்டி மண்ணில் புரள, ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி மோட்டார் இருந்த சாளைக் கொட்டகை நிழலில் கிட்டுசாமி காவல்.

ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மதிக்கு மூச்சே வந்தது. மூச்சு வந்ததும் கோபம் வந்தது.

"மாமா, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? சாயங்காலம் ஆஸ்பத்திரியில இருக்கோணும். இங்க வந்து வெயில்ல உக்காந்திருக்கறீங்க!"

"ஒருக்கா பூமியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் கண்ணு." அவர் அவளைப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம். போறது இங்கயே போவட்டும்."

"ஏனுங்க, என்ன பேச்சு பேசறீங்க!" என்று மயிலாத்தாள் பதறினாள்.

"நீங்க மறைச்சாலும் எனக்குத் தெரியும், மயிலா. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. எங்கிட்டச் சொல்லாம ஊட்டுல பாட்டைப் போட்டுட்டீங்க."

மதிக்கு ஒன்றும் புரியவில்லை. "பாட்டைப் போட்டா?"

"தங்கவேலுவுக்கு இந்தப் பாட்டுத்தானே போட்டாங்க?" ஆறுச்சாமி வரப்பிலிருந்த ஒரு மண்கட்டியை எடுத்து நசுக்கினார். தங்கவேலு அவருடைய பங்காளி, சேர்ந்து வளர்ந்தவர். "இனி ஆவாது, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கோயமுத்தூர்ல அனுப்பிச்சு உட்டாங்க. கட்டல்ல போட்டு, தலமாட்டுல டேப் ரெக்கார்டர வெச்சாங்க. கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டது ஆரு? நாந்தான். ராத்திரி அவன் போனப்ப இந்தப் பாட்டுத்தான் ஓடிட்டு இருந்துச்சு. என்ர காதுல இருந்து அது போவுமா?"

மதி அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். பாவம், இந்த மனுஷன் காலையிலிருந்து இதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"மாமா, சத்தியமா டாக்டர் அப்படி எதுவும் சொல்லலீங்க. ஆபரேஷன் பண்ணுனா நல்லா நடமாடுவீங்கன்னுதான் சொன்னாரு. ஹோமம் பண்ணலாம்னு நாந்தான் ஏற்பாடு பண்ணேன். குருக்கள் வந்து காத்துட்டு இருந்தாரு. இது சாவுப் பாட்டு இல்லீங்க. குருக்களே அர்த்தம் சொன்னாரு. பழுத்த வெள்ளரி காம்பை விட்டு நோகாம விலகற மாதிரின்னு..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தை போய்விட்டதே.

ஆறுச்சாமி முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். "வெள்ளரியா?"

"ஆமாங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்! கொடியில உட்ட காய் பழுத்துருச்சுன்னா தானா வெடிச்சுக் காம்பை உட்டுரும். ஆராலயும் புடிச்சு வெக்க முடியாது. தையல் போட்டு ஒட்ட வெப்பீங்களா? சாமியே சொல்லியிருக்குது பாரு. நான் பழுத்துட்டேன் கண்ணு, உட்டுருங்க." அவர் முகத்தில் ஒரு திருப்தி வேறு.

காரியமே கெட்டுவிட்டது போலிருந்தது மதிக்கு. இவரைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள், போகாமல் இருக்கக் காரணத்தைத் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்தாயிற்று. குருக்கள் மீதியையும் கேட்டுட்டுப் போங்க என்றாரே, அந்த மீதி என்ன?

கரைமேல் ஏறி, சிக்னல் கிடைக்கிற இடம் பார்த்து நின்று, குருக்களுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். குருக்கள் அனுப்பர்பாளையத்தில் ஒரு புதுப் பாத்திரப் பட்டறையின் பூஜைக்குப் போயிருந்தார். பாலிஷ் மிஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, மந்திரத்தோட மீதி என்னங்க?"

"என்னது?"

"மீதி! வெள்ளரிக்கு அப்புறம்!"

"கொஞ்சம் மிஷினை நிறுத்துங்கப்பா!" என்று குருக்கள் யாரிடமோ கத்தினார். மிஷின் நிற்கவில்லை. "மாமாகிட்டயே சொல்லுங்க சாமி, இது சாவுப் பாட்டுன்னு எந்திரிக்க மாட்டீங்கறாரு!" என்று கத்திக்கொண்டே மதி கீழே ஓடி, மாமாவைக் கையைப் பிடித்துக் கரைமேல் ஏற்றி, போனை அவர் காதில் வைத்தாள். குருக்கள் போட்ட சத்தத்தில் காதில் வைக்கவே தேவையில்லை. மயிலாத்தாளுக்கும் கேட்டது, சாளையிலிருந்த கிட்டுசாமிக்கும் கேட்டது.

"ஐயா! பாதியைக் கேட்டுட்டு ஓடி வந்துட்டாங்க உங்க மருமக! ம்ருத்யோர் முக்ஷீய மாம்ருதாத்! மரணத்தோட பிடியில இருந்து என்னை விடுவின்னு அர்த்தம்! அமுதத்துல இருந்து விடுவிக்காதே! கேக்குதுங்களா? உசுரை விட்டுடறேன்னு கேக்கற மந்திரம் இல்லீங்க, சாவு பிடிச்சிருக்கற பிடியை விடச் சொல்ற மந்திரம்!"

"தங்கவேலுவுக்குப் போட்டாங்களே சாமி?" ஆறுச்சாமியும் பதிலுக்குக் கத்தினார்.

"அவருக்கும் பிழைக்கோணும்னுதான் போட்டிருப்பாங்க! கடைசி நேரத்துல ஞாபகம் வந்தா மந்திரம் என்ன பண்ணும்? பிறந்த நாளுக்குச் சொல்றோம், சீக்கு வந்தாச் சொல்றோம். உங்க அறுபதாங் கல்யாணத்துக்கு நான்தானே வந்தேன்? அப்பவும் இதே மந்திரத்தைச் சொல்லித்தான் உங்க தலையில கலசத் தண்ணியை ஊத்தினேன்!"

ஆறுச்சாமி திகைத்துப் போனார். "எனக்கா? அன்னிக்கா?"

"உங்களுக்குத்தான்! நீங்க கண்ணுல புகை போயிருச்சுன்னு கசக்கிட்டு இருந்தீங்க!"

அறுபதாம் கல்யாணம் முடிந்த பிறகு எத்தனை வெள்ளாமை பார்த்துவிட்டார்! அந்த மந்திரத்தைத் தலையோடு வாங்கிக்கொண்டு, அது தெரியாமலேயே இத்தனை காலம் நடமாடியிருக்கிறார். ஆறுச்சாமி போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியதை மதி பார்த்தாள்.

"இருந்தாலும்... வயசு ஆச்சுல்ல. பழுத்ததுதானே?" என்று முனகினார். பிடிவாதம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

இதுவரை அழுதுகொண்டிருந்த மயிலாத்தாள் விறுவிறுவென்று காட்டுக்குள் இறங்கினாள். குனிந்து ஒரு வெள்ளரியைப் பிடித்துக் காம்போடு வெடுக்கென்று இழுத்தாள். காய் வரவில்லை, கொடியே சரசரவென்று மண்ணை விட்டுத் தூக்கிக்கொண்டு வந்தது.

"ஏய், ஏய்! கொடிய இழுக்காத புள்ள! பிஞ்சு அது!" ஆறுச்சாமி நெஞ்சடைப்பெல்லாம் மறந்து கத்தினார்.

"பிஞ்சு எது, பழம் எதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" மயிலாத்தாள் காயை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள். "நானும் இப்படித்தான் புடிச்சுட்டு இருக்கறேன். உட்டுருங்கன்னா எப்படிங்க உடறது?"

கிட்டுசாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறுச்சாமிக்கு முதலில் மீசைதான் துடித்தது. பிறகு சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு அவர் அப்படி வாய் விட்டுச் சிரித்ததைக் கேட்டதும், மதிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது.

"சரி சரி, கொடிய உடு. காரை எடு கண்ணு, போலாம்."

போனில் குருக்கள் இன்னும் இருந்தார். "வர்றப்ப சீந்தில் கொடி கிடைச்சா கொண்டாங்க! இந்த ஹோமத்துக்கு அதுதான் முக்கியம், நான் வெச்சிருக்கறது பத்தாது! உசுர் விஷயம், நேரமாச்சேன்னு பாக்க வேண்டாம், ராகுகாலத்துக்கு முந்தி முடிச்சுடலாம்!"

சீந்தில் வேலியோரத்து வேப்பமரத்தில் தாராளமாகச் சுற்றிக் கிடந்தது. கிட்டுசாமியை அறுக்க விடாமல், ஆறுச்சாமி தானே அரிவாள் வாங்கித் துண்டு துண்டாக அறுத்துத் துண்டில் கட்டிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் சீந்தில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு திடீரென்று கேட்டார்: "ஹோமத்துல ஊட்டுல எல்லாத்து பேரும் சொல்லோணுமா கண்ணு?"

"கேப்பாருங்க மாமா. பேரும் நட்சத்திரமும்."

"ம்" என்றார்.

வீட்டில் குருக்கள் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். ஆறுச்சாமி மணையில் உட்கார்ந்தார். கையில் பூவும் அட்சதையும் கொடுத்து, யாருக்காக, எதற்காக இந்த ஹோமம் என்று சங்கல்பம் சொல்ல ஆரம்பித்தார் குருக்கள். நடுவில் நிறுத்தி, "குடும்பத்துல ஒவ்வொருத்தர் பேரா சொல்லுங்க" என்றார்.

"ஆறுச்சாமி, சதயம். மயிலாத்தாள், ரோகிணி. பிரபாகர், அஸ்தம். தமிழ்மதி, பூசம்."

"அவ்வளவுதானே?"

மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறுச்சாமி கையிலிருந்த அட்சதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரதீப்" என்றார். "மகம்."

மயிலாத்தாளின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அந்தப் பேர் அந்த வீட்டுக்குள் கேட்டு எவ்வளவு காலம்!

"அனுசுயா."

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க சாமி. வேதக்கார ஊட்டுப் புள்ள. நட்சத்திரம் இல்லாட்டி மந்திரம் சேராதுங்களா?"

"பேரு போதும்" என்றார் குருக்கள். "சாமிக்கு ஆளைத் தெரியும்."

தீ மூண்டது. நெய்யில் தோய்த்த சீந்தில் துண்டுகளை ஆறுச்சாமி ஒவ்வொன்றாகப் போட்டார். காலையில் அவரை வீட்டை விட்டு விரட்டிய அதே வரிகளுக்கு, இப்போது அவர் உதடும் கூடவே அசைந்தது. புகை கண்ணில் போனது. இந்தத் தடவை அவர் கசக்கவில்லை.

மதியின் போன் அதிர்ந்தது. பிரபாகர். எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"அப்பா கிளம்பிட்டாரா மதி?"

"ஹோமம் நடக்குதுங்க. முடிஞ்சதும் கிளம்பறோம். சந்தோசமா இருக்காருங்க."

அந்தப் பக்கம் பிரபாகர் பெருமூச்சு விட்டது கேட்டது. "ஒரு விசயம். அப்பாகிட்ட இப்பச் சொல்லாத. ரத்தம் குடுக்க நாங்க வர்றதுக்கு முந்தியே பிரதீப் வந்து நின்னுட்டு இருந்தான். மொதல் ஆளா குடுத்தான். எப்படித் தெரியும்னு கேட்டா, அம்மா போன் பண்ணுச்சுங்கறான்."

மதி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் தெரியாதவள் போல மயிலாத்தாள் தீயைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அட, அழுகிற அத்தைக்குள் இத்தனை சாமர்த்தியமா!

"இன்னும் இருக்குது" என்றான் பிரபாகர். "அவனுக்கு அடுத்தாப்ல சட்டைக் கையை மடிச்சு உட்டுட்டுக் குடுத்தது சகாயராஜு. ரெண்டு பேரும் வாசல்லயே உக்காந்திருக்காங்க. அப்பா வந்து இறங்கறதைப் பாத்துட்டுத்தான் போவோம்னு சொல்றாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

மதி போனை வைத்துவிட்டு வரும்போது ஹோமம் முடிந்திருந்தது. ஆறுச்சாமி நெற்றியில் ஹோமச் சாம்பலைக் குழைத்த ரட்சையைப் பூசிக்கொண்டு, கிளம்பத் தயாராக எழுந்து நின்றார்.

"கண்ணு, கிளம்பறதுக்கு முந்தி அவனுக்கு ஒரு போன் போடு. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்னாப் போதும்னு சொல்லு. நானே வான்னு கூப்புட்டுக்கறேன்."

மதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "சரிங்க மாமா" என்று சொல்லிக் கார் சாவியை எடுத்தாள்.

மகனுக்கு ஒரு "வா" தயாராகிவிட்டது. மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, அன்றைக்குக் கேட்டில் சொல்லாமல் விட்ட அந்த "வாங்க" இவரிடம் இன்னும் மிச்சம் இருக்குமா?